கடைக்கு ஒரு வலைத்தளம்: தாமே கட்டுவதா, ஆள் வைத்துக் கட்டுவதா?

ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் சங்க நண்பர்களுக்கு ஒரு கேள்வி புதிதன்று. மெஸ் நடத்துபவரோ, தையற்கடைக்காரரோ, வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்கும் அம்மையாரோ அதனைக் கேட்டிருப்பர். "தம்பி, நீங்க பெரிய படிப்புப் படிக்கிறவரு. நம்ம கடைக்கு வெப்சைட் ஒண்ணு போடணும். நாமளே போட்டுக்கலாமா, ஆள் வச்சுப் போடணுமா?" என்பதே அக்கேள்வி. நாம் கணிப்பொறியியல் படிக்கின்றோமா, விலங்கியல் படிக்கின்றோமா என்பதை அவர் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகத்திற் படிப்பவர்க்கு இது தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நம்மிற் சிலர், "ரொம்பச் சுலபம் அண்ணா, நீங்களே போடலாம்" என்கின்றனர். வேறு சிலர், "நமக்கு ஏன் வம்பு, காசைக் கொடுத்து முடித்துவிடுங்கள்" என்கின்றனர்.

இரண்டும் அரை விடைகளே. கட்டுகின்றவர் யார் என்பது பின்னர் வரும் கேள்வி. கட்டிய பின் அது யார் பெயரில் இருக்கும், திறவுகோல் யார் கையில் இருக்கும் என்பதே முதலில் தீர்க்க வேண்டியது. அதனைத் தீர்த்துக்கொண்ட கடைக்காரர் எவ்வழியிற் சென்றாலும் பெருநட்டம் அடைவதில்லை. இதனைச் சில சான்றுகளுடன் விளக்க முயல்கின்றேன்.

தளம் எவற்றால் ஆனது?

வலைத்தளம் என்று ஒருமையிற் சொன்னாலும் அதனுள் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது பெயர். இதனை டொமைன் என்பர். இரண்டாவது இடம்; அதாவது எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறியில் நமக்கென வாடகைக்கு எடுத்த பகுதி. இதனை ஹோஸ்டிங் என்பர். மூன்றாவது பக்கங்கள்; சொற்களும் படங்களும் அவற்றை அடுக்கிக் காட்டும் குறிமொழியும் சேர்ந்தவை. வீட்டுக்கு முகவரியும் மனையும் கட்டடமும் வேறு வேறானவை போலவே இவையும் வேறு வேறானவை. மூன்றையும் ஒருவரிடமே வாங்கலாம், மூவரிடமும் வாங்கலாம். பெரும்பாலான குழப்பம் இம்மூன்றையும் ஒன்றென எண்ணுவதால் வருகின்றது.

பெயரை வாங்குகின்றோம் என்று பேச்சில் சொல்கின்றோம். உண்மையில் அது வாங்குதல் அன்று, பதிவு செய்தல். ஓராண்டுக்கோ, சில ஆண்டுகளுக்கோ, மிகுதியாகப் பத்து ஆண்டுகளுக்கோ பதிவு செய்து, காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் '.காம்' போன்ற பெயர்களுக்கு ஒரு சலுகைக் காலமும், அதன்பின் கூடுதற் கட்டணத்துடன் 30 நாள் மீட்புக் காலமும் உண்டு. அதுவும் கடந்தால் பெயர் பொதுவில் விடப்படும். எவர் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் '.இன்' பெயர்களை நிக்சி என்னும் அமைப்பு நிருவகிக்கின்றது. 2011ஆம் ஆண்டு முதல் '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயருக்கும் இணையத்தில் இடம் உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார்.

இம்மூன்றிலும் பதிவேடு ஒன்று உண்டு என்றால் அது பெயருக்குத்தான். அப்பதிவேட்டில் உரியவர் என்று எவர் எழுதப்பட்டுள்ளாரோ அவரே உரியவர். கடை யாருடையது, பணம் யார் கொடுத்தார் என்பவற்றைப் பதிவேடு அறியாது.

தாமே கட்டுதல்

பக்கத்தை எழுதுவது கடினமான வித்தையன்று. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இயற்பியல் படித்தவர். ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அறிஞர்கள் தம் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு அவர் 1989இல் அதற்கான திட்டத்தை எழுதினார். 1991இல் வெளியான அதன் குறிமொழியில் இருபதுக்கும் குறைவான குறிகளே இருந்தன. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஒரு பக்கத்தில் கடையின் பெயர், முகவரி, நேரம், விலைப்பட்டியல், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைக்க இன்றும் அவ்வளவே போதும். நம்மிடையே எத்துறை மாணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளலாம்.

அவ்வளவும் வேண்டாம் என்பார்க்கு ஆயத்தக் கருவிகள் உள்ளன. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். ஓரிடத்திற் கட்டிய தளத்தை அப்படியே வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். விக்ஸ் போன்ற நிறுவனங்கள் பெயர், இடம், பக்கம் மூன்றையும் ஒரே பொட்டலமாக மாத வாடகைக்குத் தருகின்றன. இழுத்து வைத்தால் பக்கம் ஆயத்தம். நம் சென்னையில் வளர்ந்த சோஹோவும் அத்தகைய கருவி ஒன்றை வைத்துள்ளது. இவற்றின் வசதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் பொட்டலமாக வாங்கிய வீட்டை வேறு மனைக்குப் பெயர்த்துச் செல்ல முடியாது என்பதை வாங்கும்போதே அறிந்திருத்தல் வேண்டும்.

இங்கே ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். 2017 ஜனவரியில் கூகிள் நிறுவனத்தின் தலைவர், மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை, புது டில்லிக்கு வந்திருந்தார். இந்தியச் சிறு வணிகர்கள் கைப்பேசியிலிருந்தே தமக்கொரு தளத்தை அமைத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை என்று அப்போது அறிவித்தார். நல்ல திட்டம். வரைபடத்திற் கடையைப் பதிந்திருந்தால் முகவரியும் நேரமும் தாமே பக்கத்தில் வந்து அமரும். 'பிசினஸ்.சைட்' என்று முடியும் பெயர் ஒன்று கிடைக்கும். பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் அதனை அச்சிட்டுக்கொண்ட கடைக்காரர் உண்டு.

2024 மார்ச்சில் கூகிள் அத்தளங்கள் அனைத்தையும் மூடிவிட்டது. ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தேடி வந்தவர் வரைபடத்திலுள்ள கடைப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். அதன்பின் பக்கம் இல்லை என்ற அறிவிப்பே கிடைத்தது. நிறுவனம் முன்னறிவிப்புக் கொடுத்தது. மாற்று நிறுவனங்களின் பெயர்களையும் கூறியது. குற்றம் சொல்ல இடமில்லை. இலவசமாகக் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அச்சிட்ட அட்டைகளில் இருந்த முகவரி கடைக்காரருடையதாக என்றுமே இருந்ததில்லை என்பது அன்றுதான் பலர்க்கும் விளங்கியது. முன்னரும் இவ்வாறு நடந்ததுண்டு. 1990களில் இலவசமாகப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் தளத்தை யாகூ நிறுவனம் 1999இல் வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. அந்நாளில் தமிழில் எழுதியவர் பலர் அங்கேதான் குடியிருந்தனர்.

அத்தளங்களைக் கட்டியவர்கள் வேறு எவருமல்லர், கடைக்காரர்களே. ஆள் வைக்கவில்லை. அப்படியிருந்தும் தளம் கையில் நிற்கவில்லை. அதே கடைக்காரர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவிலோ அதற்குக் கீழோ செலவிட்டுச் சொந்தப் பெயர் ஒன்றைப் பதிந்து, அதனை அந்த இலவசப் பக்கத்தின்மேல் வைத்திருந்தாராயின், 2024இல் பக்கத்தை மட்டும் வேறிடத்துக்கு மாற்றியிருப்பார். அட்டையை மாற்ற வேண்டியிருந்திராது.

ஆள் வைத்துக் கட்டுதல்

ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் என்ன ஆகும் என்பதை ஈஜிபுராவில் இருப்பவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கேந்திரீய சதன் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டும் வேலை 2017இல் தொடங்கியது. 2019இல் முடிந்திருக்க வேண்டும். 2022இல் ஒப்பந்தம் ரத்தாயிற்று. 2023இன் பிற்பகுதியில் வேறொருவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. இடைக்காலத்தில் சோனி வேர்ல்டு சிக்னலுக்குச் செல்லும் வழியெங்கும் தூண்கள் மட்டும் வானத்தைத் தாங்கி நின்றன. புழுதியையும் நெரிசலையும் நாம் பட்டோம். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் ஒப்பந்தக்காரருடையதன்று. அதனாலேயே அவர் போன பின்னும் இன்னொருவர் வந்து அதே தூணின்மேல் வேலையைத் தொடர முடிந்தது.

வலைத்தள வேலையில் இந்நிலை தலைகீழாகிவிடுகின்றது. ஆள் வைக்கும் கடைக்காரர் பெரும்பாலும், "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க" என்கின்றார். கட்டுபவரும் வேலை விரைவில் முடியட்டும் என்று தம் மின்னஞ்சலைக் கொண்டே பெயரைப் பதிகின்றார். தம் கணக்கிலேயே இடம் எடுக்கின்றார். இதில் வஞ்சகம் ஏதும் இருக்க வேண்டுவதில்லை, சோம்பலே போதும். ஈராண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போகின்றார், எண்ணை மாற்றுகின்றார். புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே போய்ச் சேருகின்றது. நிலமே ஒப்பந்தக்காரர் பெயரில் இருக்கும் மேம்பாலத்தை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பது இன்னும் சிலர்க்கு வியப்பாக இருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணிப்பொறி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் அடங்கும். (தமிழ்த்துறை நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா, சட்டத்தின் வகைப்பாடு அது.) படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தம் பணியின்போது எழுதியது முதலாளிக்கு உரியது. ஆனால் வெளியாளிடம் காசு கொடுத்து எழுதச் சொன்ன நிரலின் உரிமை, வேறாக எழுதிக்கொள்ளாத வரை, எழுதியவரிடமே நிற்கும். முழுப் பணமும் கொடுத்தாயிற்று என்பது மட்டும் உரிமையை மாற்றிவிடாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கோ வேறு விதி. அதன் உரிமை எடுக்கச் சொன்னவர்க்கே உரியது. ஆக ஒரே பக்கத்தில் முறுக்கின் படம் அம்மையாருடையது, படத்தைத் தாங்கும் நிரல் கட்டியவருடையது என்னும் விந்தை நேர்கின்றது!

இதற்கு மருந்து 19ஆம் பிரிவில் உள்ளது. எழுத்தில், கையொப்பத்துடன் உரிமையை மாற்றிக் கொடுக்கலாம். ஆயின் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டுமே என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். ஆகவே ஒரு தாளில் நான்கு வரி எழுதினாலும் அவ்விரண்டையும் குறித்து எழுதுதல் வேண்டும்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பட்டியலிற் சேர்ப்பவர் உளர். முகவரியின் தொடக்கத்தில் பூட்டுக் குறி தோன்றச் செய்யும் சான்றிதழ் அது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல அமைப்பு அதனைக் கட்டணமின்றி வழங்குகின்றது. ஒரு சிறு கடைக்கு அது போதும். அதனைப் பொருத்திக் கண்காணிப்பதற்குக் கூலி கேட்பது நியாயம். சான்றிதழுக்கே விலை என்று கேட்டால் காரணம் வினவலாம்.

எவ்வேலை எவருக்கு?

இனி அம்மையாரின் முறுக்குக் கடையையே எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், ஆயினும் ஈஜிபுராவில் இத்தகையது தெருவுக்கு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் மூன்று வாரம் உட்கார்ந்து அவர் தளத்தைத் தாமே கட்டுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 42 மணி ஆகின்றது. ஆடி மாதத்தில், வாணிகம் மந்தமான நாளில், அந்த 42 மணிக்குப் பெரிய விலையில்லை. தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் அதே 42 மணி ஆண்டு வருமானத்தின் ஒரு பங்கு. எனவே தாமே கட்டினால் இலவசம் என்பது கணக்குத் தெரியாதவர் கூற்று. எப்போது கட்டுகின்றார் என்பதைப் பொறுத்தே விலை.

அதனினும் முக்கியமானது கட்டிய பின் வரும் வேலை. எண்ணெய் விலை ஏறினால் முறுக்கு விலையும் ஏறும். கடலை மாவு கிடைக்காத வாரம் ஒரு பலகாரத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஊருக்குப் போனால் 'நான்கு நாள் விடுமுறை' என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆளை அழைத்துக் காத்திருந்தால், தளம் பழைய விலையைச் சொல்லும். வாசலில் வாக்குவாதம் வரும். அடிக்கடி மாறும் பகுதி கடைக்காரரின் கைக்கு எட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாறும் பகுதியை எவர் வேண்டுமாயினும் கட்டலாம். ஆள் வைக்கும்போது, "விலையை நானே கைப்பேசியில் மாற்றிக் காட்டுகிறேன், என் முன்னாலேயே சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டு, மாற்றிப் பார்த்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுத்தல் நலம்.

பணம் பெறும் வேலையை மட்டும் எவரும் தம் கையாற் செய்யத் துணியலாகாது. வாடிக்கையாளரின் அட்டை எண்ணை வணிகர் சேமித்து வைத்தலை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் தடை செய்துள்ளது. அதற்கென உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியை இணைப்பதே முறை. தெருவளவிலான கடைக்கு யு.பி.ஐ. எண்ணைப் பக்கத்திற் காட்டினாலே போதுமானது.

மொழியைப் பற்றி ஆள் வைப்பவர் எண்ணுவதேயில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தமிழைத் தட்டி ஒட்டிவிடுபவர் இன்றும் உளர். பார்வைக்குத் தமிழாக இருக்கும். தேடுபொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சோதனை எளிது. பக்கத்திலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்துக் கைப்பேசிச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. ஆங்கில எழுத்தாக உடைந்தால் திருப்பிக் கொடுங்கள். கர்நாடகத்தில் கடைப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும் என்பது 2024 முதல் சட்டம். தளத்தை அச்சட்டத்தோடு குழப்ப வேண்டா. ஆனால் வாங்க வருபவரிற் பெரும்பாலோர் கன்னடம் படிப்பவர். கன்னடப் பகுதியை மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் விடாமல் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பரைக் கொண்டு எழுதச் செய்வது மரியாதையும் ஆகும், வாணிகமும் ஆகும்.

தாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்தல் என்று முற்றாகப் பிரிப்பதே பொருந்தாது என்பதற்குத் தமிழ் இணைய வரலாற்றிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி கணிப்பொறிப் பொறியாளர் அல்லர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழ் எழுத்துக்குரிய பணியை அவர் செய்தார். இணையப் பணியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினர் செய்தனர். தாம் அறிந்ததை அவர் பிறரிடம் விடவில்லை. அறியாததைத் தாமே செய்ய முற்படவுமில்லை. முறுக்குக் கடை அம்மையாருக்கும் இதே பங்கீடு பொருந்தும். தம் பலகாரத்தைப் பற்றிய சொற்களை எந்த நிறுவனமும் அவரைவிட நன்றாக எழுதாது. "தரமான சுவை, நியாயமான விலை" என்று ஊரெல்லாம் எழுதிய வரியையே கட்டுபவர் எழுதுவார். "செக்கு எண்ணெய், இன்று சுட்டது, மூன்று வாரம் நமுக்காது" என்று அம்மையார்தாம் எழுதுவார்.

தளமே வேண்டாத கடைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகின்றேன். சுற்றியுள்ள நான்கு பி.ஜி. விடுதிகளின் மாணவரை நம்பி நடக்கும் மெஸ்ஸுக்கு வரைபடத்திற் சரியான நேரமும் எண்ணும், 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் அன்றாடப் பட்டியலும் போதும். வெளியூருக்குப் பொட்டலம் அனுப்புபவர்க்கும், திருமண ஆர்டர் எடுப்பவர்க்குமே தளம் பயன் தரும். கேட்டவுடன் கட்டிக் கொடுக்கப் புறப்படுமுன், "உங்கள் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகின்றனர்?" என்று நாம் கேட்கலாம்.

நாம் என்றேன். கடைக்காரர் வைக்கும் ஆள் பல வேளைகளில் நாமேதாம். கூலி ஒரு மாதச் சாப்பாடு. இதில் ஓர் இடர் உண்டு. முதுகலைப் படிப்பு இரண்டாண்டு. அது முடிந்தால் சிலர் சேலத்துக்கும் சிலர் சென்னைக்கும் போகின்றோம். சிம் கார்டும் மாறுகின்றது. பெயர்ப் பதிவோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. ஆகையால் கட்ட உட்காரும் முதல் நாளிலேயே கடைக்காரர் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்கே வருமாறு வைத்து, அதனைக் கொண்டே பெயரையும் இடத்தையும் பதிதல் வேண்டும். பணத்தை அவருடைய கணக்கிலிருந்தே கட்டச் செய்தல் வேண்டும். பின்னர் ஒரு முழுத்தாளில் பெயர் பதிந்த நிறுவனம், புதுப்பிக்கும் நாள், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடவுச்சொல்லை அதே தாளில் எழுதாமல் அவர் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைக்கட்டும். உணவுப் பொருள் விற்பவரிடம் 14 இலக்கப் பதிவெண் கொண்ட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழ் எப்படியும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். அந்த உறையிலேயே இத்தாளையும் வைக்கச் சொல்லுங்கள். அதனை அவர் தொலைப்பதில்லை.